கிளப்பா, கிராண்ட் டூரிங்கா, ஸ்போர்ட்டா? தினமும் ஆபீஸ் போக எந்த மியாட்டா?

கேள்வி: அண்ணா, வணக்கம். நான் நியூஜெர்சி எடிசன்ல இருக்கேன், வயசு 34. தினமும் ரூட் 1 வழியா பிரின்ஸ்டன் பக்கம் ஆபீஸ் போய்ட்டு வரேன். வீட்ல ஏற்கனவே ஒரு ஹோண்டா சிஆர்-வி இருக்கு, அதை மனைவி ஓட்றாங்க, பையன் ஸ்கூல் ட்ராப் எல்லாம் அதுலதான். எனக்குன்னு ஒரு செகண்ட் ஹேண்ட் மாஸ்டா மியாட்டா, அந்த ரெண்டு சீட், கூரை மடியுற ஸ்போர்ட்ஸ் கார், வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை, மேனுவல் கியர்தான் வேணும். இப்போ மூணு வண்டி பார்த்து வச்சிருக்கேன், மூணும் கிட்டத்தட்ட ஒரே விலை: பிரெம்போ பிரேக், பிபிஎஸ் வீல் பேக்கேஜ் போட்ட 2017 கிளப், 41,000 மைல், 2017 கிராண்ட் டூரிங், 38,000 மைல், 2019 ஸ்போர்ட், 52,000 மைல். மனசு கிளப் பக்கம்தான் போகுது. ஸ்போர்ட் ரொம்ப பேஸ் மாடலாச்சேன்னு யோசனை. எதை எடுக்கலாம்? என் உயரம் ஆறடி ஒரு இன்ச், அதனால ஏதாவது பிரச்சனை வருமா?

பதில்: தம்பி, கடைசியா ஒரு வரில கேட்டு முடிச்சுட்டீங்களே அந்த உயரம், உங்க கேள்விக்குப் பாதி பதில் அதுலயே இருக்கு. கிளப், ஸ்போர்ட்னு ட்ரிம் (ஒரே மாடலோட வெவ்வேறு ரகம்) பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல வருஷத்தைப் பாருங்க. இந்த நாலாவது தலைமுறை மியாட்டா அமெரிக்காவுக்கு 2016 மாடலா வந்துச்சு, அப்போ இருந்து 2018 வரைக்கும் ஸ்டியரிங்க மேல கீழ மட்டும்தான் மாத்த முடியும், நம்ம பக்கம் இழுத்துக்க முடியாது. 2019ல தான் முன்ன பின்ன நகர்ற டெலஸ்கோபிக் ஸ்டியரிங் வந்துச்சு. அஞ்சரை அடி ஆளுக்கு இது ஒரு விஷயமே இல்ல. ஆறடிக்கு மேல இருக்கறவங்களுக்கு கால் நீட்ட சீட்ட பின்னாடி தள்ளணும், தள்ளினா ஸ்டியரிங் தூரமாயிடும், கை எட்டணும்னு முன்னாடி வந்தா முழங்கால் இடிக்கும், சரி முதுக நிமிர்த்தி உட்காரலாம்னு பார்த்தா தலை கூரைல தட்டும். டெஸ்ட் டிரைவ் 10 நிமிஷத்துல இது பெருசா தெரியாது, அப்ப இருக்கற சந்தோஷத்துல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ரூட் 1ல சிக்னல் சிக்னலா நின்னு முக்கா மணி நேரம் ஓட்டிட்டு இறங்கும்போது தோள்பட்டை சொல்லும்.

இதை உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடிச்சிடலாம். கிளச்ச முழுசா தரை வரைக்கும் மிதிங்க, அப்பவும் முழங்கால் லேசா மடங்கி இருக்கணும், அந்த அளவுக்கு சீட்ட வைங்க. அப்புறம் முதுகு, தோள் ரெண்டும் சீட்ல ஒட்டின மாதிரி வச்சுக்கிட்டு ஒரு கைய நீட்டி மணிக்கட்ட ஸ்டியரிங் உச்சில வைங்க. தோள் சீட்ட விட்டுத் தூக்காம மணிக்கட்டு உட்கார்ந்தா அந்த வண்டி உங்க சைஸ். தோள் எழும்பி முன்னாடி வந்தா, அந்த வண்டில என்ன பேக்கேஜ் இருந்தாலும் தினசரிக்கு உங்களுக்கு அது வேண்டாம். டாப்ப மூடி வச்சே பாருங்க, ஏன்னா வருஷத்துல பாதி நாள் நீங்க மூடித்தான் ஓட்டப் போறீங்க. குளிர்காலத்துல போடற ஜாக்கெட், ஆபீஸ் ஷூ, அதோட போய் உட்காருங்க. பெடல் இடம் குறுகல், அகலமான பூட்ஸ் போட்டா பக்கத்துப் பெடல்ல உரசும்.

இப்போ உங்க மனசு போற கிளப்புக்கு வரேன். கிளப்ல மேனுவல் எடுத்தா மூணு விஷயம் சேர்ந்து வரும்: லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், பில்ஸ்டீன் கம்பெனியோட இறுக்கமான ஷாக் அப்சார்பர், முன்னாடி ரெண்டு ஷாக் பக்கத்தையும் இணைச்சு இறுக்குற ஷாக் டவர் பிரேஸ். உங்க வண்டில கூடவே முன் வீலுக்கு பிரெம்போ பிரேக்கும் பிபிஎஸ் ஃபோர்ஜ்டு வீலும் இருக்கு. எல்லாமே நல்ல சாமான், இதுல ஒண்ணு கூட சும்மா ஷோவுக்கு வச்சது கிடையாது. ஆனா அது ஒவ்வொண்ணும் எந்த நேரத்துல வேலை செய்யும்னு யோசிங்க. வளைவுல வேகமா போய் ஆக்ஸிலரேட்டர மிதிக்கும்போது உள்பக்க பின் வீல் பிடிமானம் இழந்து சும்மா சுத்தப் பார்க்கும், அந்த நேரத்துல பவர மத்த வீலுக்கும் அனுப்புறதுதான் லிமிடெட் ஸ்லிப்போட வேலை. மலை ரோட்டுல, ட்ராக்ல அது தங்கம். எடிசன்ல இருந்து பிரின்ஸ்டன் வரைக்கும் நேர் ரோடு, சிக்னல், மால் பார்க்கிங், இங்க அது தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும். ஸ்னோல உதவும்னு சொல்வாங்க, கொஞ்சம் உதவும்தான், ஆனா அதைவிட டயர் பல மடங்கு உதவும், அதுக்கு அப்புறம் வரேன். பிரெம்போவும் அப்படித்தான், வண்டி எடையே 1,060 கிலோ பக்கம்தான், சாதா பிரேக்கே ரோட்டுக்குத் தாராளமாப் போதும், திரும்பத் திரும்ப ஹை ஸ்பீட்ல இருந்து அழுத்திச் சூடேத்துறவங்களுக்குத்தான் பிரெம்போ. ஆனா பேட், ரோட்டார் மாத்தும்போது பில்லு மட்டும் எல்லாருக்கும் கூடதான்.

பில்ஸ்டீன் விஷயத்துல நான் கொஞ்சம் கறாரா சொல்றேன். பிப்ரவரி மார்ச்ல நியூஜெர்சி ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஸ்னோ உருகி உறைஞ்சு உருகி உறைஞ்சு, பிளவ் வேற வந்து சுரண்டி, தினமும் ஒரு புதுப் பள்ளம். கிளப்பும் கிராண்ட் டூரிங்கும் 205/45 ஆர்17 டயர், ஸ்போர்ட் 195/50 ஆர்16. கணக்குப் போட்டா 17 இன்ச்ல டயரோட பக்கச் சுவர் 92 மில்லி, 16ல 97 மில்லி சொச்சம். வித்தியாசம் 5 மில்லிதானேன்னு தோணும், ஆனா பள்ளத்துல ரிம் இடிக்கிறதும் இடிக்காததும் அந்த அளவுலதான் இருக்கு. 17 இன்ச் மெல்லிசு டயர், அது மேல இறுக்கமான பில்ஸ்டீன், அதோட விலை கூடின ஃபோர்ஜ்டு ரிம், இதை வச்சுக்கிட்டு அந்த ரோட்ல தினமும் போகும்போது கண்ணு பூரா தரையிலதான் இருக்கும். காருல போறதே சந்தோஷத்துக்குன்னு வாங்குற வண்டி, அதுல பள்ளம் எண்ணிக்கிட்டே போறது எனக்கு மனசு ஒப்பல.

கிராண்ட் டூரிங்குக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆளுங்க மத்தியில மதிப்பு கம்மி, சொகுசு வண்டின்னு ஒதுக்கிடுவாங்க, அது நியாயமே இல்ல. 2017ல அதுக்கு பில்ஸ்டீனும் லிமிடெட் ஸ்லிப்பும் கிடையாது, அதனால வளைவுல வண்டி நல்லா சாயும். ஆனா சாஞ்சாலும் பிடிய விடாது, எவ்வளவு வேகத்துல போறோம்னு உடம்புக்குத் தெரியும், 35 மைல் வேகத்துல ஒரு ரவுண்டானா சுத்தினாலே சிரிப்பு வரும். அதுக்கு மேல லெதர் சீட், சீட் ஹீட்டர், ஆட்டோ ஏசி, திருப்பத்துக்கு ஏத்த மாதிரி திரும்புற ஹெட்லைட், மழை பட்டா தானா ஓடற வைப்பர், பிளைண்ட் ஸ்பாட் வார்னிங். சீட் ஹீட்டர லேசா எடுத்துக்காதீங்க, அக்டோபர் கடைசில கூட டாப்ப இறக்கி ஓட்ட வைக்கிறது அதுதான், வருஷத்துல ஓப்பன் டாப் நாளையே கூட்டிக் கொடுக்கும். பிளைண்ட் ஸ்பாட் வார்னிங் இன்னும் முக்கியம். சாஃப்ட் டாப் மூடியிருந்தா பின்பக்க ஓரத்துல ஒண்ணும் தெரியாது, 287 ஹைவேல உங்க தோளுக்குப் பின்னாடி ஒரு ட்ரக் நின்னா அதோட சக்கரம்தான் உங்க கண் மட்டத்துல இருக்கும். பார்க்கப் போற வண்டி ஒவ்வொண்ணுலயும் இது இருக்கான்னு விளம்பரத்த நம்பாம நீங்களே பாருங்க, இக்னிஷன் போட்டதும் சைடு கண்ணாடில அந்தச் சின்ன ஐகான் ஒரு தடவை எரிஞ்சு அணையும்.

அப்போ பேஸ் மாடல்னு நீங்க தயங்குற 2019 ஸ்போர்ட்? அந்த வருஷம் மாஸ்டா இன்ஜினுக்குள்ள கைய வச்சது. அதே 2 லிட்டர்தான், பிஸ்டன், கனெக்டிங் ராட் எடைய குறைச்சு, த்ராட்டில் பாடிய பெருசாக்கி, 155 ஹெச்பில இருந்து 181க்குக் கொண்டு போனாங்க, ரெட்லைன், அதாவது இன்ஜின் சுத்தற உச்ச வரம்பு, 6,800 ஆர்பிஎம்ல இருந்து 7,500 ஆச்சு. டார்க், அதாவது இழுக்குற விசை, மட்டும் 148ல இருந்து 151, அவ்ளோதான். அதனால சிக்னல்ல இருந்து கிளம்பும்போது, 3,000 ஆர்பிஎம்ல ஊர்ந்து போகும்போது ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ராம்ப்ல ஏறி ஹைவேல கலக்கும்போது ரெண்டாவது கியர அப்படியே இழுத்துப் பிடிங்க, பழசு மூச்சு வாங்குற இடத்துல புதுசு இன்னும் மேல போய்க்கிட்டே இருக்கும், அங்கதான் இந்த வண்டியோட ஜீவனே இருக்கு. பின்பக்க கேமரா 2019ல எல்லா ட்ரிம்லயும் உண்டு. மைல் 52,000ன்னு பயப்படாதீங்க, 40க்கும் 52க்கும் நடுவுல வண்டி ஒண்ணும் கிழவனாகிடாது, எப்படி ஓட்டினாங்க எப்படி ஆயில் மாத்தினாங்கங்கிறதுதான் கணக்கு.

நான் இப்படித்தான் பிரிச்சுப் பார்ப்பேன். ஷாக், வீல், டயர், சீட் ஹீட்டர், இதெல்லாம் அப்புறமா காசு சேர்த்து வெளில போட்டுக்கலாம், துணி சீட்டுக்கு அடியில ஹீட்டர் பேட் வைக்கிற கடை எல்லா ஊர்லயும் இருக்கு. ஸ்டியரிங் கைக்கு வர்றதையும் அந்த இன்ஜினையும் 2017 வண்டில பிற்பாடு போட்டுக்க முடியாது. அதனால என் வரிசை: முதல்ல 2019 ஸ்போர்ட். மணிக்கட்டு டெஸ்ட்ல 2017ம் சரியா உட்கார்ந்துச்சுன்னா, ஹைவே நிறைய ஓட்டுறவங்களுக்கு கிராண்ட் டூரிங் ரெண்டாவது. கிளப் மூணாவதுதான். வீக்கெண்ட்ல மட்டும் எடுக்கிற வண்டின்னா, இல்ல மில்வில்ல இருக்கற தண்டர்போல்ட் ட்ராக்குக்கு அடிக்கடி போறவர்னா, இந்த வரிசைய அப்படியே தலைகீழாக்கி கிளப்ப எடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன். அவசரம் இல்லன்னா 2019 கிராண்ட் டூரிங் ஒண்ணு சிக்குதான்னு ஒரு ரெண்டு மாசம் பொறுத்துப் பாருங்க, உங்க உபயோகத்துக்கு அதைவிடப் பொருத்தமா ஒண்ணும் இல்ல.

டயருக்கு வரேன், இது மூணு வண்டிக்கும் பொது. ஃபேக்டரில இருந்து வர்ற டயர் எல்லாமே சம்மர் டயர், 17 இன்ச்சுக்கு பிரிட்ஜ்ஸ்டோன், 16க்கு யோகோஹாமா. 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போனா அந்த ரப்பர் இறுகிடும், ஸ்னோ விழணும்னே அவசியம் இல்ல, காலைல காஞ்ச ரோட்லயே வழுக்கும், அதுவும் பின் வீல் டிரைவ் வண்டி. வின்டர் டயர் ஒரு செட் காச இப்பவே வண்டி விலையோட சேர்த்துக் கணக்குப் பண்ணுங்க. 16 இன்ச் வின்டர் டயர் விலையும் கம்மி, குளிர்காலப் பள்ளத்துக்கும் நல்லது. பிரெம்போ வண்டில எல்லா 16 இன்ச் ரிம்மும் உட்காராது, காலிப்பர் இடிக்கும், கிளப் எடுத்தீங்கன்னா இதையும் பார்த்துக்கணும். டயர் வயசு பக்கச் சுவர்லயே இருக்கும், கடைசி நாலு எண், 2318ன்னு இருந்தா 2018ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது, அப்படி ஒண்ணு இன்னும் போட்டிருந்தா விலைல பேசி இறக்குங்க. ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட்தான், அது காலாவதி ஆகாம இருக்கான்னும் பாருங்க.

டிக்கி 130 லிட்டர், ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைல வாங்குற 20 பவுண்டு அரிசி மூட்டை ரெண்டு, காய்கறிப் பை ரெண்டு வைக்கலாம், அதுக்கு மேல சிஆர்-விதான். பெட்ரோல் பிரீமியம் போடச் சொல்றாங்க, மூணுக்கும் அதேதான். இன்ஷூரன்ஸுக்கு மட்டும் மூணு வண்டியோட விஐஎன் நம்பரையும் (வண்டியோட தனி அடையாள எண்) கொடுத்து தனித்தனியா கோட் வாங்குங்க, மாடல் பேரை மட்டும் சொல்லிக் கேட்காதீங்க.

வாங்குற அன்னிக்குப் பார்க்க வேண்டியது. இந்த மாடல்ல ஆரம்ப வருஷ மேனுவல் கியர்பாக்ஸ் சிலருக்குத் தொந்தரவு கொடுத்திருக்கு, மாஸ்டாவும் பிற்பாடு உள்பாகங்கள மாத்தியிருக்காங்க, அதனால 2017 ரெண்டுலயும் இது கூடுதல் கவனம். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது எடுத்து ஒண்ணுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து மூணு நிதானமா போடுங்க, கரகரன்னு சத்தமோ, கியர் தானா நழுவறதோ இருந்தா திரும்பி வந்துடுங்க. புதுசுக்குக் கொடுத்த 5 வருஷம், 60,000 மைல் பவர்ட்ரெயின் (இன்ஜின், கியர்பாக்ஸ்) வாரன்டி மூணுக்குமே முடிஞ்சு போச்சு, இனி உடைஞ்சா உங்க காசு. அடுத்து சாஃப்ட் டாப். மடியுற இடத்துல துணி தேய்ஞ்சு வெளுத்திருக்கான்னு விரலால தடவிப் பாருங்க, சீட்டுக்குப் பின்னாடி கார்பெட்ல ஒரு டிஷ்யூ பேப்பர வச்சு நல்லா அழுத்துங்க, ஈரம் ஏறினா தண்ணி வடியுற ஓட்டை இலை தழை அடைச்சு ரொம்ப நாளாச்சுன்னு அர்த்தம். வண்டிய லிஃப்ட்ல ஏத்தி அடியில பாருங்க, நம்ம ஊர் ரோட்டு உப்பு முதல்ல பிரேக் லைன், சஸ்பென்ஷன் போல்ட் இதுலதான் கைய வைக்கும். இதுக்கு டீலர் மெக்கானிக் வேண்டாம், நீங்க காசு கொடுத்துக் கூட்டிட்டுப் போற வெளி மெக்கானிக் பார்க்கட்டும்.

முதல்ல ஸ்போர்ட்ட பாருங்க, கிளப்ப கடைசியா வைங்க, அதுல முதல்ல ஏறிட்டீங்கன்னா மத்த ரெண்டையும் ஒழுங்கா பார்க்க மாட்டீங்க. போறதுக்கு முந்தின நாளே போன் பண்ணி, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லி வைங்க, போய் இறங்கினதும் பானட் மேல கைய வச்சுப் பாருங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.