பழைய கணினிக்கு மின்சாரம் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா எண்பதுகளில் வாங்கிய கொமடோர் 64 பல்லாண்டாக அலமாரியில் கிடக்கிறது. அதை இயக்கிப் பார்க்கலாமா?
– வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: பார்க்கலாம், ஆனால் அதனுடன் வந்த கனத்த மின்வழங்கிப் பெட்டியை நம்பாதீர்கள். அதில் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் நிலையாக வைக்கும் சீராக்கி பழுதடைந்தால் மின்னழுத்தம் எகிறிவிடக்கூடும் என்பதால், கணினியின் நினைவகச் சில்லுகள் நொடியில் கருகிவிடலாம். இன்று மல்டிமீட்டர் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) சரியாகக் காட்டினாலும் நாளைக்கு அது உத்தரவாதமாகாது. பெரும்பாலான பெட்டிகளில் உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் பழுதுபார்ப்பதும் வீண்வேலை. ஆகவே 5 வோல்ட் நேர்திசை மின்சாரமும் 9 வோல்ட் மாறுதிசை மின்சாரமும் தரும் புதிய மின்வழங்கியை வாங்கிவிடுங்கள். அதில் சிக்கனம் பார்ப்பது சரியல்ல. நம் ஊர் ஈரப்பதத்தில் கணினியில் செருகும் விளையாட்டுப் பேழைகளின் (கார்ட்ரிட்ஜ்) செப்பு முனைகள் மங்கியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.