நசுங்கிய பாட்டில்

அன்புள்ள சார்,

நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பதினாறு வருட வேலையில் இந்தக் கோடை விடுமுறையில்தான் முதன்முறையாக எனக்கென்று ஒரு பயணம் போனேன். தனியாக. 24 நாள், 19 ஊர். நேர் வடக்காக 2,200 கிலோமீட்டர், கடைசியில் 3,000 மீட்டர் உயரத்தில் ஒரு மலை ஊர். ஞாயிற்றுக்கிழமை இரவு வீடு வந்து சேர்ந்தேன், திங்கட்கிழமை காலை பள்ளி.

உடன் வேலை பார்ப்பவர்கள் விடுமுறையில் புதுப் பாடங்களுக்குக் குறிப்பு எடுத்து முடித்திருந்தார்கள். நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. முதல் நாள் வகுப்பில் ஆசையாகப் பயணத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். முடித்ததும் மூன்றாவது வரிசைப் பையன், "மிஸ், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான்.

பத்தே நாளில் அந்தப் பயணம் வேறு யாரோ போனது மாதிரி ஆகிவிட்டது. 1,400 போட்டோ இருக்கிறது, ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. பையைக்கூட முழுதாகக் காலி செய்யவில்லை. மலை உச்சியில் தண்ணீர் குடித்து மூடி வைத்த பாட்டில் ஒன்று உள்ளே நசுங்கிக் கிடக்கிறது. விடுமுறையை வீணடித்துவிட்டேனா?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

முதலில் நான் அந்தப் பையன் கட்சி. ஒருவர் தன் பயணக் கதையை நாற்பது நிமிடம் சொல்ல, எழுந்து போக வழியில்லாமல் உட்கார்ந்து கேட்பது பெரியவர்களுக்கே கஷ்டம். அவன் கொட்டாவி விடவில்லை. மரியாதையாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்து நாளில் எல்லாம் கரைந்துபோனதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. ஜானா கூனல், சபீன சோனன்டாக் என்ற இரண்டு ஜெர்மானிய உளவியல் ஆய்வாளர்கள் இதையே ஆசிரியர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 131 ஆசிரியர்கள். விடுமுறைக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள், திரும்பி வந்தபின் மூன்று. 2011-ல் வெளியான அந்த ஆய்வின்படி, திரும்பி வந்தவுடன் வேலையில் ஈடுபாடு கூடியிருந்தது, சோர்வு குறைந்திருந்தது. ஒரு மாதத்துக்குள் இரண்டுமே பழைய இடத்துக்கு வந்துவிட்டன. வேலைப்பளு அதிகம் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் நிம்மதியாக இருக்க முடிந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக.

ஆகவே இன்னும் ஐந்து நாள் கூடுதலாகச் சுற்றியிருந்தால் தேவலை என்று வருத்தப்படாதீர்கள். இப்போது மாலை ஆறு மணிக்கு மேல் என்ன செய்கிறீர்கள்? நோட்டுத் திருத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். பயணம் கரைவது அங்கேதான். ஞாயிறு இரவு வந்து திங்கள் காலை கையெழுத்துப் போட்டதும் சரியில்லை. அடுத்த முறை மூன்று நாள் முன்னதாகவே வந்து வீட்டில் சும்மா கிடங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 24 நாளில் 19 ஊர் என்பதற்குப் பெயர் கால அட்டவணை. மணி அடித்தால் அடுத்த ஊர். பள்ளியை விட்டுத் தப்பிக்கப் போனவர் பீரியடையும் கையோடு கொண்டுபோய்விட்டீர்கள். நானும் பதினோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன்தான், அந்த வியாதி எனக்குத் தெரியும்.

வீணா என்று கேட்கிறீர்கள். திரைகடல் ஓடினாலும் திரவியத்தோடுதான் வரவேண்டும் என்று நமக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். வியாபாரிக்குப் பணம் என்றால் ஆசிரியருக்குப் பாடம். ஒன்றுமில்லாமல் வெறும் கையோடு வந்தால் குற்றவுணர்ச்சி. நீங்கள் வெறும் கையோடு வரவில்லை என்பது என் எண்ணம். அதற்கு முன் என் கதை ஒன்று.

வேலையில் இருந்தபோது ஒரு விடுமுறையில், அந்த ஊர் எழுத்தே எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு பகுதிக்குப் போயிருந்தேன். போகவேண்டிய ஊரின் பெயரை ஒருவர் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். பேருந்து நிலையத்தில் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேருந்தின் பலகையோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். முதல் எழுத்துச் சுழி சரி, இரண்டாவதும் சரி, மூன்றாவதுக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. நான்கு பேருந்து இப்படிப் போனது. கடைசியில் எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி வந்து சீட்டை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினாள். நான் திருப்பிச் சொன்னேன். தப்பாகச் சொன்னேன் போல, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். சிரிக்கவில்லை.

பேருந்தில் உட்கார்ந்த பிறகு என் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவனின் ஞாபகம் வந்தது. கணக்கு தெரியும், ஆனால் வாக்கியமாக வரும் கணக்கைப் படித்து முடிப்பதற்குள் நான் "அடுத்தவன்" என்று சொல்லியிருப்பேன். எனக்கு நான்கு பேருந்து போனது. அவனுக்கு எத்தனை போனதோ. பள்ளி திறந்தபின் அவன் முறை வரும்போது காத்திருக்க ஆரம்பித்தேன். அந்தப் பயணத்தில் எங்கெல்லாம் போனேன், என்னென்ன பார்த்தேன் என்பதெல்லாம் அனேகமாக மறந்துவிட்டது. நீங்களும் எங்காவது வழி தெரியாமல் நின்றிருப்பீர்கள், தனியாக வேறு போயிருக்கிறீர்கள். அதை 1,400 போட்டோவிலும் எடுத்திருக்கமாட்டீர்கள்.

பயணத்தை வகுப்பில் கதையாகச் சொல்வதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்வோம் இல்லையா? தமிழ் வாத்தியார் வராத ஒரு நாள் நானே எழுதச் சொன்னேன். ஒருவன் அருமையாக எழுதியிருந்தான். அருவி, மூலிகைக் காற்று, படிக்கட்டு எல்லாம். எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. போன வருடப் பாடநூலில் இருந்த பாடம் அது. காப்பி அடித்ததற்காகச் சிவப்பு மையில் பெரிதாகச் சுழித்தேன். அவன் எங்கேயும் போகவில்லை என்பதும், போகவில்லை என்று எழுத அவனுக்கு வழியில்லை என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. உங்கள் வகுப்பிலும் நாற்பது நிமிடமும் அப்படிச் சிலர் உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

அப்புறம் என்னதான் கொண்டுபோவது? எங்கேயும் போகாத பிள்ளையும் கை வைத்துப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கொண்டுபோங்கள். 2,200 கிலோமீட்டர் வடக்கே போனேன் என்கிறீர்கள். வடக்கே 111 கிலோமீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் துருவ நட்சத்திரம் உயர்ந்துகொண்டே போகும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் ஏறக்குறைய பத்து டிகிரி. அந்த மலை ஊரில் துருவ நட்சத்திரம் உங்கள் ஊரில் இருப்பதைவிட இரண்டு முஷ்டி கூடுதல் உயரத்தில் இருந்திருக்கும். நீங்கள் பார்க்கவில்லை, போகட்டும். இங்கே எத்தனை முஷ்டி என்று பிள்ளைகள் இன்று இரவே அளந்துவிடலாம். அங்கே எத்தனை இருந்திருக்கும் என்று அவர்களே சொல்வார்கள்.

ஆனால் அதைவிட நல்லது உங்கள் பைக்குள் கிடக்கிறது. அந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

துணிமூட்டை அழுத்தி நசுங்கியது என்று நினைத்திருப்பீர்கள். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். நீங்கள் மூடியபோது அந்த மெல்லிய காற்றைத்தான் உள்ளே அடைத்தீர்கள். கீழே இறங்க இறங்க வெளிக்காற்று சுற்றி அழுத்த, உள்ளே எதிர்த்து நிற்க ஆள் போதவில்லை. நசுங்கிவிட்டது. ஆக, அந்த மலைக்காற்றைத் தெரியாமலே வீடுவரை கொண்டுவந்திருக்கிறீர்கள்.

நீங்கள் சமூக அறிவியல் என்பதால் ஒரு வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சில் பெரியே என்பவர் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பாதரசக் குழாயோடு புய் த டோம் என்ற மலைமேல் ஏறினார். ஏறச் சொன்னவர் அவருடைய மைத்துனர், கணித அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல். யோசனை பாஸ்கலுடையது, மூச்சு வாங்கியது அக்கா கணவருக்கு. குடும்பங்களில் நடப்பதுதான். உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தவர் இன்னொருவர். அடிவாரத்து மடத்தில் இன்னொரு குழாயை வைத்து, அது மாறுகிறதா என்று பார்க்க ஒரு துறவியை உட்கார வைத்திருந்தார்கள். நாள் முழுக்கப் பார்த்தார். மாறவில்லை. மலை ஏறாத அவர் இல்லையென்றால் உச்சியில் எடுத்த அளவுக்கு மதிப்பே கிடையாது. எங்கேயும் போகாத பிள்ளைகளுக்கு இந்தத் துறவியைப் பற்றிச் சொல்லுங்கள்.

புய் த டோம் 1,465 மீட்டர். நீங்கள் அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்துக்குப் போய் வந்திருக்கிறீர்கள்.

பாட்டிலை அப்படியே மேசைமேல் வையுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். ஏன் நசுங்கியது என்று முதலில் அவர்களே சண்டை போடட்டும். யாராவது மிதித்திருப்பார்கள், வெயிலில் சுருங்கியிருக்கும் என்று பத்துக் காரணம் வரும். எல்லாம் வந்து ஓய்ந்தபின் மூடியைத் திறக்கவேண்டும். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும், பாட்டில் படபடவென்று நிமிரும். ஒரே ஒரு தடவைதான் நடக்கும் என்பதால், வீட்டில் ஆசைக்காகத் திறந்து பார்த்துவிடாதீர்கள். திறக்கிற வேலையை அந்த மூன்றாவது வரிசைப் பையனிடம் கொடுங்கள்.