ஃபிஷ்ஐயில் ஸ்கேட்டர் ஏன் குட்டியா தெரியறார்?

பெங்களூரு அல்சூர் பக்கம் நண்பர் ஸ்கேட்போர்டுல படி தாண்டுறதை 8 மி.மீ. ஃபிஷ்ஐயில (ரொம்ப அகலமா, வளைச்சுக் காட்டுற லென்ஸ்) வீடியோ எடுத்தா எறும்பாட்டம் தெரியறார்னு கேட்டிருந்தீங்க. லென்ஸ்ல குறை இல்ல ப்ரோ, நீங்க நிக்கிற தூரம்தான். ரெண்டு மூணு அடிக்குள்ள போங்க. மேல் கைப்பிடியில பிடிச்சு, கேமராவை முழங்காலுக்குக் கீழ இறக்கி, லேசா அண்ணாந்த மாதிரி வைங்க. மூணு படிகூட உசரமா நிக்கும். ஆளை நடுவுலயே வைங்க, ஓரத்துக்குப் போனா வளைஞ்சிடுவார். செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல எடுத்தா ஷட்டர் வேகம் 1/120 செகண்ட் வைங்க.

முன்கண்ணாடி உப்பலா இருக்கிறதால பாதுகாப்புக்கு முன்னாடி மாட்டுற சாதா ஃபில்டர் மாட்ட முடியாது, போர்டு எகிறினா நேரா அதுலதான் படும். அதனால அவர் எந்தப் பக்கம் இறங்குவார்னு முதல்லயே கேட்டுக்குங்க. உங்க ஷூ நுனியும் ஃப்ரேமுல வரும், 180 டிகிரி அகலத்துக்குப் பார்க்கிற லென்ஸ்னா சும்மாவா!