மினி பிசியில் சர்வர் போடும் முன் பயாஸில் என்ன மாற்ற வேண்டும்?

மேலூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "அண்ணே, செகண்ட் ஹேண்டில் மினி பிசி ஒன்று வாங்கினேன். கல்யாண ஆல்பங்களை எல்லாம் சேர்த்து வைக்க ப்ராக்ஸ்மாக்ஸ் போடப் போகிறேன். பயாஸில் ஏதாவது மாற்றணுமா, அப்படியே போட்டுவிடலாமா?"

ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது ஒரே பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் சர்வர் மென்பொருள். அப்படியே போடலாம் தம்பி, முதல் கரண்ட் கட் வரைக்கும் ஓடும். ஆபீஸ் மேசையில் காலையில் ஒருவர் வந்து பட்டனை அமுக்குவார் என்ற கணக்கில் செட் செய்த பெட்டி அது. சர்வருக்கு அப்படி ஆள் கிடையாது, நம் பக்கம் பராமரிப்புக்கென்று பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்துகிற நாளும் உண்டு.

மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2-வைத் தட்டிக்கொண்டே இருங்கள். அப்போது திறக்கும் அடிப்படை செட்டிங் திரைதான் பயாஸ். உள்ளே முதலில் தேட வேண்டியது, கரண்ட் போய் வந்தால் என்ன செய்வது என்ற செட்டிங். 'ஏசி பவர் லாஸ்', 'ஆஃப்டர் பவர் ஃபெயிலியர்' என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதில் 'லாஸ்ட் ஸ்டேட்' என்பதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். நானும் அதை நம்பி உசிலம்பட்டியில் ஒரு கடைக்கு வைத்துக் கொடுத்தேன். ஒருநாள் யூபிஎஸ் பேட்டரி தீரப்போகிறது என்று தெரிந்து சர்வர் ஒழுங்காக ஷட் டவுன் ஆனது. கரண்ட் வந்தபோது அதன் கடைசி நிலை என்ன? அணைந்த நிலை. அப்படியே கிடந்தது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போய் ஒரே ஒரு பட்டனை அமுக்கிவிட்டு வந்தேன். அதனால் 'பவர் ஆன்' என்றே வையுங்கள்.

அதிலும் ஒரு ஓட்டை உண்டு. சர்வர் அணைந்த பிறகு, யூபிஎஸ் சாவதற்குள் கரண்ட் வந்துவிட்டால் பெட்டியைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை, எழாது. யூபிஎஸ்ஸே தன் அவுட்புட்டை ஒருமுறை வெட்டிக் கொடுக்க வேண்டும். நட் என்ற மென்பொருளால் அதைச் செய்ய வைக்கலாம், ஆனால் யூபிஎஸ் மாடலும் ஒத்துழைக்கணும். எதற்கும் அணைந்த பெட்டியை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக் ஆன் லேனை ஆன் செய்யுங்கள். இஆர்பி என்ற மின்சிக்கன செட்டிங்கை அணையுங்கள், இல்லாவிட்டால் அணைந்திருக்கும்போது நெட்வொர்க் போர்ட்டுக்குக் கரண்ட் போகாது.

அப்புறம் விர்ச்சுவலைசேஷன், அதாவது பெட்டிக்குள் விஎம் எனும் மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்ட பிராசசர் தரும் வசதி. இன்டெல்லில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம். இது இல்லாமலும் ப்ராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டால் ஆகும், ஆப்களைத் தனித்தனி அறைபோல் பிரித்து ஓட்டும் கன்டெய்னர்கள்கூட ஓடும், விஎம் ஒன்றைக் கிளப்பும்போதுதான் மக்கர் செய்யும். விடி-டி என்பது கிராபிக்ஸ் கார்டு மாதிரி ஒன்றை நேரடியாக விஎம்முக்குக் கொடுக்கிறவர்களுக்குத்தான். உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கையாளும் ரெய்டு மோடில் ஸ்டோரேஜ் இருக்கலாம், சாதாரண மோடான ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். பழைய விண்டோஸ் அதன்பின் பூட் ஆகாமல் போகலாம், எப்படியும் அழிக்கத்தானே போகிறீர்கள். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லி இன்னும் பலர் சொல்வார்கள், ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் அது ஆன் ஆக இருந்தாலும் வேலை செய்கிறது.

எஃப்10 அழுத்தி சேவ் செய்துவிட்டு, உடனே இன்ஸ்டால் செய்யாமல் பிளக்கைப் பிடுங்கி ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். பழைய பெட்டியில் உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருந்தால் கடிகாரம் பின்னால் போய்விடும், பல பெட்டிகளில் மாற்றிய செட்டிங்கும் சேர்ந்து போகும். காலையில் பிளக்கை மாட்டியதும் கை வைக்காமலே ஃபேன் சுற்றி, பயாஸில் மணியும் சரியாக இருந்தால் ப்ராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவைச் செருகுங்கள்.