மிரட்டச் சொன்னது யார்?

கேள்வி: அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு. ராத்திரி இரண்டு மணி வரை போன், ஹோம்வொர்க் கிடையாது, கேட்டால் எதிர்ப்பேச்சு. அவன் பள்ளியில் ஒரு போலீஸ் அதிகாரி இருக்கிறார். போன மாதம் லன்ச் வரிசையில் ஒரு பையனைத் தள்ளிவிட்டான் என்று இவனைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் இருபது நிமிடம் விசாரித்திருக்கிறார். எங்களுக்குப் போன்கூட இல்லை. அன்றிலிருந்து டப்பாவில் வைத்த எலுமிச்சை சாதம் அப்படியே திரும்பி வருகிறது, என்னோடு பேசுவதும் இல்லை. (பள்ளி திறந்த புதிதில் அவரைப் பார்த்தபோது 'இவனைக் கொஞ்சம் மிரட்டி வையுங்கள்' என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தேன்.) அவர்மேல் புகார் கொடுக்கலாமா? விசாவில் இருக்கிறோம், போலீஸோடு வம்பு வேண்டாம் என்கிறார் கணவர்.

பதில்: அடைப்புக்குறிக்குள் ஒரு வரியை ஒளித்து வைத்தீர்களே சகோதரி, எனக்கு அது ஒன்றுதான் கடிதமாகத் தெரிகிறது. விளையாட்டாகவா சொன்னீர்கள்? யாரிடம்? இடுப்பில் துப்பாக்கியும் விலங்கும் வைத்திருப்பவரிடம்.

நம் பழக்கம் எனக்குத் தெரியாததில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடியில் தினமும் கேட்கிறேன், "அதோ போலீஸ் மாமா வர்றாரு, ஆ காட்டு." அந்தக் குழந்தைக்கு இரண்டு வயசு, போலீஸ் மாமா தெருமுனையைத் தாண்டி வரப்போவதில்லை. உங்கள் மகனுக்கு அவர் நிஜமாகவே வந்துவிட்டார். ஊரில் இருந்திருந்தால் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஒரு அதட்டு போட்டுவிட்டு, சாயங்காலமே பரோட்டா வாங்கிக்கொடுத்துச் சமாதானம் ஆகியிருப்பார். அங்கே அதற்கு ஆள் இல்லை, சரி, அதற்காகச் சித்தப்பா வேலையைக் கொண்டுபோய்ப் போலீஸ்காரரிடமா கொடுப்பது? உங்கள் டெக்சஸ் மாநிலத்தில் பத்து வயதிலேயே பிள்ளைகள் சிறார் குற்றச் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். அவரிடம் பையன் பயத்தில் உளறுவது குடும்பச் சண்டையாக முடியாது, வழக்காகவும் ஆகலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பள்ளிப் போலீஸுக்கு அன்றாட ஒழுக்க நடவடிக்கை வேலையைக் கொடுக்கக் கூடாது என்று டெக்சஸ் 2019-லேயே சட்டம் போட்டிருக்கிறது. ஹோம்வொர்க், போன், எதிர்ப்பேச்சு எல்லாம் பெற்றோர் பாடு, ஆசிரியர் பாடு. சட்டமே அவரிடம் கொடுக்காத வேலையை நீங்கள் சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறீர்கள்.

'அவர் பாதுகாப்புக்குத்தானே இருக்கிறார்' என்பீர்கள். ஆமாம். அதே டெக்சஸில் உவால்டி என்ற ஊர்ப் பள்ளியில் 2022-ல் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதத்தோடு ஒரு காவலர் இருக்க வேண்டும் என்று 2023-ல் அங்கே சட்டம் வந்தது. அந்தப் பள்ளிக்கு 376 போலீஸார் வந்தும், கொலைகாரன் இருந்த வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் வாசலைப் பார்க்கட்டும், உங்கள் பிள்ளையை நீங்கள் பாருங்கள்.

தனி அறை விஷயம் உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. வட கரோலினாவில் 13 வயதுப் பையன் ஒருவனை வகுப்பிலிருந்து கூட்டிப்போய், வளர்க்கிற பாட்டிக்குத் தகவல்கூடச் சொல்லாமல் பள்ளிக்குள்ளேயே விசாரித்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. விசாரணையில் பிள்ளையின் வயதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று 2011-ல் தீர்ப்பு. உங்கள் பக்கத்து ஊர் இர்விங்கில் 2015-ல், தானே செய்த கடிகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோன 14 வயதுப் பையனுக்கு, வெடிகுண்டு மாதிரி இருக்கிறது என்று விலங்கு மாட்டினார்கள். அவன் வீட்டில் யாரும் மிரட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

இன்று ராத்திரி மகன் பக்கத்தில் உட்கார்ந்து 'நான்தான் சொன்னேன், தப்பு என்னுடையது' என்று சொல்லுங்கள். அவன் என்ன கத்தினாலும் கேளுங்கள், பதில் பேசாதீர்கள். இன்னொரு பையனைத் தள்ளியது தப்புதான், அந்தப் பேச்சை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இனி யாராவது விசாரித்தால் மரியாதையாக, 'அம்மா அப்பா வரட்டும், அப்புறம் சொல்றேன்' என்று சொல்லப் பழக்குங்கள். ராத்திரி பத்து மணிக்குப் போனை நீங்களே வாங்கி வையுங்கள், அதற்கு யூனிஃபார்ம் தேவையில்லை.

அடைப்புக்குறிக்குள் இருந்த வரி உங்கள் கணவருக்குத் தெரியுமா? தெரிந்த மாதிரி இல்லை. முதலில் அவரிடம் சொல்லுங்கள். விசாவைக் காட்டி அவர் ஒதுங்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை, பிள்ளை இரண்டு பேருக்கும்தானே பிள்ளை?

புகார் என்று எதுவும் வேண்டாம். தலைமை ஆசிரியருக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள்: எங்களுக்குத் தகவல் சொல்லாமல் மகனை விசாரிக்க வேண்டாம், அவனை மிரட்டும்படி அதிகாரியிடம் நான் கேட்டிருந்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். இந்தக் கடைசி வரியை அடைப்புக்குறிக்குள் போடாதீர்கள்.