சர்க்கரை வந்த பூனைக்குப் பால் சோறு போடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்கு ஒன்பது வயது; கருத்தடை செய்தாயிற்று. ஆறரைக் கிலோ இருந்தவன் மூன்று மாதத்தில் ஐந்தே கால் கிலோ ஆகிவிட்டான். பசி மட்டும் குறையவில்லை, ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான். மணல் தட்டில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். சர்க்கரை என்று சொல்லி, கிளார்ஜின் இன்சுலின் காலையும் மாலையும் ஒரு யூனிட் எழுதிக் கொடுத்திருக்கிறார். குட்டியிலிருந்து பால் சோறும் டிரை ஃபுட்டும்தான் சாப்பிடுகிறான். இனி என்ன கொடுப்பது? மாமனாருக்கும் சுகர் இருக்கிறது. அவருடைய சிரிஞ்சையே பயன்படுத்தலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எறும்பு சொன்ன சேதி சரிதான். பூனையின் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 250–290 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாது. வெளியேறும் சர்க்கரை தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதால்தான் அந்தத் தாகம். தின்றது உடம்பில் ஒட்டாததால் தீராத பசி, கூடவே இளைப்பு.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாமனாரின் சிரிஞ்சைத் தொடாதீர்கள். நம் ஊர் மெடிக்கலில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு கிடைக்கும். சிவப்பு மூடி போட்டது 40 யூனிட் பாட்டிலுக்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் பாட்டிலுக்கு. பெரியவர்கள் பலர் போட்டுக்கொள்ளும் சாதாரண இன்சுலின் 40 வகை. கிளார்ஜின் பெரும்பாலும் 100 வகை, அதாவது ஒரு மில்லியில் 100 யூனிட். 100 வகை மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு வரை இழுத்தால், உள்ளே போவது இரண்டரை யூனிட். ஐந்து கிலோ பூனைக்கு முதல் நாளே இரண்டரை மடங்கு! மயங்கிக் கிடந்த பூனையைத் தூக்கிவந்த ஒருவரிடம் பையில் இருப்பதை எடுங்கள் என்றேன். வந்தது சிவப்பு மூடி. பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆரஞ்சு மூடி போட்ட ஒரு மில்லி சிரிஞ்சில் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டு யூனிட்டாகத்தான் இருக்கும். ஒரு யூனிட்டைக் கண்ணால் அளக்க முடியாது. 0.3 மில்லி சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். கடையில் இல்லை என்றால் வரவழைத்துத் தருவார்கள்.

இனி சாப்பாடு. பூனை பிறவியிலேயே மாமிசப் பிராணி. அதன் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி கிடையாது; கல்லீரலும் திடீரென்று வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கத் தோதானது இல்லை. ஆகவே பால் சோறு, தயிர் சோறு, பிஸ்கட், இட்லித் துண்டு எல்லாவற்றுக்கும் முழுக்கு. சோறு மாவுச்சத்து, பாலில் இருப்பதும் ஒருவகைச் சர்க்கரை. டிரை ஃபுட்? பையைத் திருப்பிப் பாருங்கள். மாவுச்சத்து எவ்வளவு என்று எழுதியிருக்காது, நாம்தான் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். உதாரணத்துக்கு புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 8, ஈரம் 10 என்று இருந்தால் கூட்டி 100-இல் கழியுங்கள்: மீதி 38, அத்தனையும் மாவு. கலோரிக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். சர்க்கரைப் பூனைக்கு அது 12-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. வெட் ஃபுட் பவுச்சில் புரதம் 9, கொழுப்பு 3, நார் 1, சாம்பல் 2, ஈரம் 83 என்றால் மீதி வெறும் 2. கலோரியில் அது சுமார் 11 வரும், தேறிவிட்டது. பவுச்சிலும் குழம்பு போல் கொழகொழவென்று இருக்கும் ரகங்களில் மாவு கூடுதலாக இருக்கலாம். அரைத்த கறி போல் கெட்டியாக இருப்பது மேல்.

ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தட்டை மாற்றிவிடாதீர்கள். உங்கள் டாக்டர் ஒரு யூனிட் என்று எழுதியது, பால் சோறு தின்னும் பூனையைப் பார்த்து. மாவைக் குறைத்தால் இரண்டு மூன்று நாளிலேயே சர்க்கரை தானாக இறங்கக்கூடும். இன்சுலின் அதே அளவில் போய்க்கொண்டிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். ஏறிய சர்க்கரை பூனையை வாரக்கணக்கில் வாட்டும். தாழ்ந்த சர்க்கரை ஒரே இரவில் கொல்லும். அதனால் தட்டை மாற்றப்போகும் தேதியை டாக்டரிடம் சொல்லிவிட்டு, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முதலில் பால் போகட்டும், பிறகு சோறு, கடைசியில் டிரை ஃபுட். பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குண்டாக இருந்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகிவிடும்.

வீட்டில் சமைத்துப் போட முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். எலும்பு, தோல் நீக்கிய கோழியை உப்பு, மஞ்சள் எதுவும் இல்லாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரோடு கொடுக்கலாம். பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். மத்தி, நெத்திலி என்றால் வேகவைத்தே கொடுங்கள். பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். மீன் குழம்பிலிருந்து கழுவி எடுத்த துண்டு வேண்டாம்; வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். கோழியை மட்டுமே மாதக்கணக்கில் போட்டாலும் கால்சியம் போதாது. உங்கள் பூனைக்கு நான் என்றால் நாளுக்கு மூன்று பவுச், ஐம்பது கிராம் வெந்த கோழி என்று தொடங்குவேன். பவுச்சைப் பொறுத்து 240 கலோரி அளவில் வரும். எடையைப் பார்த்து டாக்டர் கூட்டுவார், குறைப்பார். நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தாலும் தவறில்லை.

எல்லா வீட்டிலும் யாருக்கும் தெரியாமல் ஊட்டுகிறவர் ஒருவர் இருப்பார். உங்கள் வீட்டில் அது மாமனாராக இருந்தால் அவரையே ஊசிக் கணக்குக்குப் பொறுப்பாளராக்கிவிடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஊசி பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. முதலில் தட்டை வையுங்கள். பாதிக்கு மேல் சாப்பிட்டால் ஊசி. சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தான் என்றால் போடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம் போல் தூக்கி, அடியில் குத்த வேண்டும். மருந்து ரோமத்தில் வழிந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலும் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை ஊசி தவறுவது பெரிய விஷயமில்லை. இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுவிடுவதுதான் பயம். தினசரி காலண்டர் தாளில் போட்டவுடன் ஒரு கோடு கிழியுங்கள். கிழிக்கும் தாள்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்தால் டாக்டருக்கும் உதவும். காலையில் அளந்து ஊற்றிய தண்ணீரில் மறுநாள் எவ்வளவு மிச்சம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஐந்து கிலோ பூனை நாளில் அரை லிட்டர் குடித்தால் சர்க்கரை இன்னும் கட்டுப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நடை தள்ளாடுகிறது, உடம்பு நடுங்குகிறது, கூப்பிட்டால் வெறித்துப் பார்க்கிறான் என்றால் லோ சுகர். தேனோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸோ ஒரு டீஸ்பூன் எடுத்து ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்திருந்தால் வாய்க்குள் ஊற்றாதீர்கள், பல்லுக்கு நடுவே விரலையும் விடாதீர்கள். தெளிந்ததும் சாப்பாடு கொடுத்துவிட்டு நேராக மருத்துவமனை. உங்கள் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கும், உங்கள் டாக்டரிடமும், எத்தனை மணி வரை பார்ப்பார்கள் என்று இன்றே கேட்டு வையுங்கள். சாப்பாட்டை அடியோடு வெறுத்து, சுருண்டு படுத்து, வாயில் நெயில் பாலிஷ் ரிமூவர் வாசம் வந்தால் அது வேறு ஆபத்து, கீட்டோன்; உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலம். அதற்கும் தாமதம் கூடாது.

மாமனாரின் சுகர் மாத்திரை, வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பூனைகளுக்கென்றே பெக்ஸாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் இன்சுலின் போட்டுவிட்ட பூனைக்கு அது ஆகாது.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ அவனுக்கு முன்பு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்களா. சர்க்கரை வர அதுவும் ஒரு காரணம். இரண்டு, பல்லிலும் சிறுநீரிலும் கிருமி இருக்கிறதா. இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஆஸ்பத்திரி பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை 300-ஐத் தொடும் என்பதால், ஒரே ஒரு அளவை வைத்து டோஸைக் கூட்ட மாட்டார்கள், நீங்களாகவும் கூட்டாதீர்கள். தட்டும் ஊசியும் சீக்கிரமே ஒழுங்குக்கு வந்த பூனைகளில் பல, சில மாதத்தில் இன்சுலினே இல்லாமல் இருந்திருக்கின்றன. உங்கள் பூனைக்கும் அந்த வாய்ப்பு உண்டு.

கல்யாணம், காட்சி என்று வெளியூர் போக வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு இப்போதே கற்றுக்கொடுங்கள். வெறும் தண்ணீரை இழுத்து ஆரஞ்சுப் பழத்தில் பத்து முறை குத்திப் பழகட்டும். அப்புறம் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க, இரண்டு நாள் அவரே பூனைக்குப் போடட்டும். மூன்றாம் நாள் நீங்கள் பஸ் ஏறலாம்.