எழும்பூர் கிர்க்: நகலா?

அன்புள்ள ஐயா,

எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கை, அதாவது அந்த ஸ்காட்லாந்துக்காரர் தேவாலயத்தைப் பற்றி இரண்டே வரி எழுதி, சென்னையில் உங்களுக்கு மிகவும் பிடித்த கட்டடம் அதுதான் என்று முடித்துவிட்டீர்கள். நம்பிப் போய்ப் பார்த்தேன். லண்டனில் இருக்கும் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் தேவாலயத்தின் நகல் இது என்றார் கூட வந்த நண்பர். போனில் படம் தேடிப் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. ஒரு நகல் மேல் ஏன் இத்தனை மயக்கம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொன்னது பாதி சரி. முகப்புத் தூண்கள், அவற்றின் மேல் முக்கோண முகடு, அதற்கும் மேலே கூர்கோபுரம் எல்லாமே கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் லண்டனில் கட்டியதைப் பார்த்துச் செய்தவைதான். ஆனால் உள்ளே போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை!

லண்டனில் உள்ளே நீள்சதுரக் கூடம். இங்கே வட்டம். சுற்றிலும் 16 தூண்கள், அவை தாங்கும் 51 அடி விட்டமுள்ள நீலக் குவிமாடம், அதில் பொன் நட்சத்திரங்கள். வேடிக்கை என்னவென்றால், கிப்ஸும் முதலில் வட்டமாகத்தான் வரைந்தார். செலவு அதிகம் என்று லண்டன்காரர்கள் தள்ளிவிட்டார்கள். அந்த வரைபடம் 1728இல் அவருடைய புத்தகத்தில் அச்சானதோடு சரி. அவர்கள் வேண்டாம் என்ற வட்டம் சுமார் 90 வருஷம் கழித்து எழும்பூரில் எழுந்தது. இதையா நகல் என்பது?

கட்டியவர் மதராஸ் படைப் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்ட். செங்கல் வளைவு என்றால் மனிதருக்கு உயிர். 1808இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 112 அடி அகலத்துக்கு ஒற்றைச் செங்கல் வளைவு கட்டி நிறுத்தினார். அது 1937 வரை நின்றது.

சரி, என் மயக்கத்துக்குக் காரணம் அந்தக் குவிமாடம்கூட இல்லை, மண்ணுக்குள் இருப்பது. தண்ணீர் ஊறும் இளகிய நிலம் அது. வழக்கமான அஸ்திவாரம் போட்டால் சுவர் ஒரு பக்கம் அமுங்கிவிடும். 1818இல் வேலை தொடங்கியபோது டி ஹாவிலண்ட் சுமார் 150 கிணறுகளை இறக்கினார். நம் ஊர் உறைகிணறு வேலைதான். வளையம் போன்ற உறையைத் தரையில் வைத்து உள்பக்கம் மண்ணைத் தோண்டத் தோண்ட, அது தன் கனத்திலேயே கீழே இறங்கும். அதன் மேல் அடுத்த உறை. இப்படிச் சில கிணறுகள் 14 அடியில் நின்றன, சில 50 அடி வரை போயின. கெட்டி மண் எங்கே தட்டுப்படுகிறதோ அதுவரைக்கும். அப்புறம் அவற்றின் தலைமேல் இந்தக் கட்டடம். 1821 பிப்ரவரியில் கதவு திறந்தாயிற்று.

தண்ணீர் எடுக்க வெட்டும் கிணற்றைத் தண்ணீரிலிருந்து தப்பிக்க வெட்டியிருக்கிறார்கள். கூலிக்கு உறை இறக்கியவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

நண்பரைக் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை போங்கள். முகப்பில் நிற்க வேண்டாம், நேரே குவிமாடத்துக்கு அடியில் போய் நின்று முதலில் தரையைப் பாருங்கள்.